கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் மழைத்தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட மேற்பார்வை வேலையில் இருப்பதால், மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுகிறவர்கள் பதறுவது இயல்பு. ஆனால் பதற வேண்டாத இடத்தில் பதறிவிட்டு, பதற வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"இன்னும் கதவு ஜன்னல் எதுவும் வைக்கலை. மழைத்தண்ணி உள்ளே வந்தா கட்டடம் பலவீனமாயிடுமா சார்?"

ஆகாது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்டும் தண்ணீரும் வினைபுரிந்துதான் இறுகுகிறது. அந்த வினை நடக்க முதல் சில வாரங்களுக்கு ஈரம் தேவை. நன்றாக இறுகிய தளம், தூண், பீம் இவற்றின் மேல் மழை பெய்தால் பலம் குறையாது.

கவலைப்பட வேண்டியவை மூன்று. ஒன்று, இன்னும் இறுகாத கான்கிரீட், கலவை, பூச்சு. இரண்டு, கட்டடத்தைத் தாங்கும் மண். மூன்று, ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும் சாமான்கள்: சிமென்ட் மூட்டை, பிளைவுட், மரம், ஒயர். "தண்ணி வந்துருச்சு" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது "எங்கே நிற்குது?" என்றுதான். வந்து போன தண்ணீரைவிட நின்ற தண்ணீர்தான் கெடுதல் செய்கிறது.

"ஒரு ராத்திரி மழைக்கு இவ்வளவு தண்ணியா? எங்கேருந்துதான் வருது?"

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடித் தளம் என்பது சுமார் 93 சதுர மீட்டர். அதன் மேல் 50 மி.மீ. மழை பெய்தால் 4,650 லிட்டர் சேரும். கைப்பிடிச் சுவர் கட்டி, வடிகுழாய் இன்னும் வைக்காத தளமாக இருந்தால் இவ்வளவும் வெளியேற முக்கியமான வழி ஒன்றுதான்: படிக்கட்டுக்காக விட்ட திறப்பு. மாடிப்படி அருவியாகிவிடுவது இதனால்தான்.

அடுத்தது, தளத்தில் ஒயர் பைப்புக்கும் குளியலறைக் குழாய்க்கும் விட்ட ஓட்டைகள். ஜன்னல் திறப்பில் சாரல் அடித்து வருவது அளவில் மிகக் குறைவு. ஆனால் பார்வைக்குப் பெரிதாகத் தெரிவதால் எல்லோரும் முதலில் ஜன்னலைத்தான் தார்ப்பாயால் மூடுகிறார்கள்.

"அப்போ முதல்ல எதைச் செய்யணும்?"

மேலிருந்து தொடங்குங்கள். படிக்கட்டுத் திறப்பைச் சுற்றி ஒரு வரிசைச் செங்கலை வைத்துச் சிமென்ட் கலவையால் நாலு அங்குலத் திட்டு கட்டுங்கள். அரை நாள் வேலை. படிக்கட்டின் மேல் ஹெட்ரூம் என்ற சிறு அறையைக் கட்டும்போது உடைத்துக்கொள்ளலாம். பைப்புக்கான ஓட்டைகளைச் சுற்றியும் இதே மாதிரி சின்ன வரம்பு வேண்டும். பிறகு, வடிகுழாய் வர வேண்டிய இடங்களில் இப்போதே ஒரு பைப் துண்டைச் செருகி, சுவரை விட்டு ஒன்றரை அடியாவது வெளியே நீட்டிவிடுங்கள். சுவரோடு ஒட்டி வழியவிட்டால் அந்தத் தண்ணீர் நேராக அஸ்திவாரத்தின் ஓரத்தில்தான் இறங்கும்.

படிக்கட்டுத் திறப்பின் மேல் தார்ப்பாய் கட்டினால் நடுவில் ஒரு சவுக்குக் கம்பை நிறுத்தி, கூரைபோல இரு பக்கமும் சரியவிடுங்கள். தட்டையாகக் கட்டிய தார்ப்பாய் தண்ணீரைத் தேக்கி, கனம் தாங்காமல் கிழிந்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உள்ளே கொட்டும்.

கீழே வந்தால், வீட்டைச் சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். தோண்டிய மண்ணையும் மணல் குவியலையும் தண்ணீர் ஓடும் பக்கத்தில் கொட்டி வைத்திருப்பார்கள். அதை நகர்த்தி, வெளிப்பக்கம் வாட்டம் இருக்கும்படி ஒரு வாய்க்கால் வெட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

"ரூஃப் கான்கிரீட் போட்டுக்கிட்டு இருக்கும்போதே மழை பிடிச்சுக்கிச்சு. நிறுத்தணுமா, தொடரணுமா?"

தூறல் என்றால், போட்ட பகுதியை உடனுக்குடன் மூடிக்கொண்டே தொடரலாம். தளத்தில் தண்ணீர் நிற்கத் தொடங்கினால் நிறுத்த வேண்டும். 12 செ.மீ. கனமுள்ள தளத்தில் ஒரு சதுர மீட்டருக்குள் கலவைக்காகச் சேர்த்த தண்ணீரே சுமார் 22 லிட்டர்தான் இருக்கும். அதன் மேல் 10 மி.மீ. மழை பெய்தால் இன்னும் 10 லிட்டர். முழுதும் உள்ளே இறங்காவிட்டாலும், மேல் அடுக்கில் சிமென்ட் பால் கழுவிப்போய் ஜல்லி பல்லிளிக்கும்.

நிறுத்துவதிலும் ஒழுங்கு வேண்டும். கொட்டிய இடத்தில் கரைந்த சரிவாக விட்டுவிடக் கூடாது. இரண்டு தாங்கிகளுக்கு இடையே உள்ள நீளத்தின் நடுப்பகுதியாகப் பார்த்து, ஒரு பலகையைக் குறுக்கே வைத்து, கான்கிரீட்டைச் செங்குத்தாக முடிக்க வேண்டும். பீமின் முகப்பை ஒட்டி நிறுத்துவது தவறு, அங்கேதான் வெட்டு விசை அதிகம். போட்டவரை, கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரை விட்டு முடித்துத் தார்ப்பாயால் மூடுங்கள். தார்ப்பாய் ஈரக் கான்கிரீட்டில் உரசாமல் கயிறு கட்டித் தூக்கி வைத்தால் நல்லது.

மீண்டும் தொடங்கும்போது, நிறுத்திய முகத்தைக் கொத்திவிட்டு, தளர்ந்த ஜல்லியை நீக்கி, கழுவி, சிமென்ட் பால் பூசிய பிறகே புதுக் கான்கிரீட்டைச் சேர்க்க வேண்டும். காயாத தளத்தின் மேல் உலர் சிமென்டைத் தூவி ஈரத்தை இழுக்கும் வழக்கம் பல மேஸ்திரிகளிடம் உண்டு. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். மேலே மெல்லிய ஓடு ஒன்று உருவாகி, பிறகு உரிந்துகொண்டு வரும்.

"மத்தியானம் போட்டு முடிச்சோம், ராத்திரி நல்ல மழை. உடைச்சுட்டுத் திரும்பப் போடணும்னு பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துறாரு."

பெரும்பாலும் வேண்டியதில்லை. போட்டு எட்டுப் பத்து மணி நேரம் ஆகியிருந்தால் சாதாரண மழை ஒன்றும் செய்யாது. முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பெய்த கனமழைதான் ஆபத்து.

மறுநாள் ஓர் ஆணியால் தளத்தைக் கீறிப் பாருங்கள். மெல்லிய கோடு மட்டும் விழுந்தால் நல்லது. மாவு மாவாக உதிர்ந்தால் எவ்வளவு ஆழம் வரை உதிர்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் என்றால் அதைச் சுரண்டி எடுத்துவிடலாம், மேலே வாட்டத்துக்குப் போடும் கலவை அந்த இடத்தைச் சரிசெய்துவிடும். கம்பி தெரியும் அளவுக்கு அரித்திருந்தாலோ, உள்ளேயும் உதிர்ந்தாலோ, பொறியாளரை அழைத்து ரீபவுண்ட் ஹேமர் சோதனையும் (மேற்பரப்பைத் தட்டிப் பலம் பார்ப்பது), தேவைப்பட்டால் கோர் எடுத்தும் (உருளைத் துண்டாகத் துளைத்தெடுப்பது) பார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து இடித்துவிடு என்பதும், கண்ணால் பார்த்து பரவாயில்லை என்பதும் இரண்டுமே சரியல்ல.

"தினமும் மழை பெய்யுது. கியூரிங் தனியா செய்யணுமா?"

செய்ய வேண்டும். கியூரிங் என்பது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது. மழை தளத்தின் மேல்பக்கத்தை மட்டும்தான் நனைக்கிறது. தூண்களும் உள்சுவர்களும் தளத்துக்குக் கீழே காய்ந்தபடியே நிற்கும். மழை நாளில் தண்ணீர் ஊற்றுகிறவரை விடுப்பில் அனுப்பிவிட்டு, தூண்களை மறந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்புச் சிமென்டுக்கு 10 நாள் இடைவிடாத ஈரம் வேண்டும். தூணுக்குச் சாக்கைச் சுற்றி நனைத்து வைப்பதே நல்ல வழி.

"மழைனால சென்ட்ரிங்குக்கு ஏதாவது ஆகுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. சென்ட்ரிங் என்பது கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகையும் முட்டுக் கம்புகளும். முட்டுகள் மண் தரையில் நிற்கும்போது, மழைத்தண்ணீர் உள்ளே வந்து தேங்கினால் மண் இளகி முட்டு கீழே இறங்கும். எல்லா முட்டும் ஒரே அளவில் இறங்காது. கான்கிரீட் போடும் நாளில் இறங்கினால் தளம் தொய்யும், சரியவும் கூடும். ஆள் உயிர் போகும் விபத்து இப்படித்தான் நேர்கிறது.

ஒவ்வொரு முட்டின் அடியிலும் அகலமான பலகை வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன் மேல் முட்டை நிறுத்துவது கூடாது. இரவு மழை பெய்திருந்தால், காலையில் கான்கிரீட் தொடங்கும் முன் ஒவ்வொரு முட்டையும் கையால் ஆட்டிப் பார்த்து, ஆப்பை இறுக்கி, மட்டத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும். தரை சேறாக இருந்தால் அன்றைய வேலையைத் தள்ளிவைப்பதே சரி. லாரி வந்து நிற்கிறது என்பது காரணமாகாது.

பிரிக்கும் நாளிலும் அவசரம் வேண்டாம். சாதாரண சிமென்டில், 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும் என்பது கணக்கு. 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு 14 நாள், அதைவிட நீளமென்றால் 21 நாள். கலப்புச் சிமென்டுக்கும் குளிர்ந்த மழை நாட்களுக்கும் இதைக் கூட்டிக்கொள்ளுங்கள். முட்டைப் பிரித்த புதிதில் மேலே தண்ணீர் தேங்கவிடவும் கூடாது. 10 செ.மீ. ஆழத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ கனம்.

"ஃபுட்டிங் குழி முழுக்கத் தண்ணி. மோட்டார் வெச்சு இறைச்சுட்டுக் கான்கிரீட் போட்டுடலாமா?"

இறைத்தால் மட்டும் போதாது. தூணின் அஸ்திவாரமான ஃபுட்டிங் உட்கார வேண்டிய அடிமண், தண்ணீரில் ஊறிப் பிசுபிசுவென்று இளகியிருக்கும். களிமண் என்றால் இன்னும் மோசம். காலால் மிதித்தால் அமிழாத கெட்டி மண் வரும்வரை சேற்றை வெட்டி எடுக்க வேண்டும். அதனால் ஆழம் கூடினால், தளர்ந்த மண்ணைப் போட்டு நிரவக் கூடாது. அந்த ஆழத்தையும் கம்பியில்லாத பி.சி.சி. கான்கிரீட்டாலேயே நிரப்ப வேண்டும். கம்பிக்கூடு ஏற்கெனவே இறக்கியிருந்தால், அதை எடுத்து, ஒட்டிய சேற்றைக் கழுவி, மறுபடி கவர் பிளாக் (கம்பியை அடியைத் தொடாமல் தூக்கி வைக்கும் கட்டை) வைத்து இறக்கச் சொல்லுங்கள்.

குழிக்குள் ஊற்று வந்துகொண்டே இருந்தால், ஃபுட்டிங்குக்கு வெளியே ஒரு மூலையில் இன்னும் ஓர் அடி ஆழமாகச் சிறு குழி வெட்டி, மோட்டாரை அங்கே வையுங்கள். கான்கிரீட்டின் நடுவிலிருந்து இறைத்தால் சிமென்ட் தண்ணீரோடு வெளியே போய்விடும். இறைக்கும் தண்ணீர் கலங்கலாக, மணலோடு வந்தால் நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கேளுங்கள். பக்கத்துக் கட்டடத்தின் அடிமண்ணை நீங்கள் உருவிக்கொண்டிருக்கலாம்.

மழைக்காலத்தில் தோண்ட வேண்டியிருந்தால் கடைசி அரை அடியைத் தோண்டாமல் விட்டுவையுங்கள். பி.சி.சி. போடும் நாள் காலையில் அதை வெட்டி, அன்றே மூடிவிடுங்கள். குழியின் ஓரத்தில் மண்ணைக் குவிக்காதீர்கள். நனைந்த கரை சொல்லாமல் சரியும், அதனால் ஆட்களை உள்ளே இறக்குவதற்கு முன் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

"பேஸ்மென்ட்டுக்கு நிரப்பின மண்ணு மழையில இறங்கிடுச்சு. பயப்படணுமா?"

இதில் நல்லதுதான் நடந்திருக்கிறது. வீட்டுத் தரையை உயர்த்தத் தளர்வாகக் கொட்டிய மண் இன்றைக்கு இறங்கினால் லாபம், டைல்ஸ் போட்ட பிறகு இறங்கினால்தான் நஷ்டம். தண்ணீர் வடியவிட்டு, பிறகு அரை அடி அரை அடியாக மண் சேர்த்து, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டோ இயந்திரத்தாலோ இறுக்குங்கள். ஈரம் சொட்டும் களிமண்ணை இறுக்க முயல வேண்டாம், அது ரப்பர் மாதிரி அமுங்கி எழும்.

தரைக்கான கான்கிரீட்டை மண் நன்கு படிந்த பிறகு போடுங்கள். தண்ணீர் உள்ளே நின்று, பிளின்த் பீமுக்கு (தரைமட்டத்தில் சுவரைத் தாங்கும் பீம்) அடியில் ஓட்டை போட்டுக்கொண்டு மண் வெளியே வழிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தப் பொந்தை அடைக்காமல் மேலே நிரப்பினால் மறுபடியும் இறங்கும்.

"சிமென்ட், மணல், கம்பி எல்லாம் நனைஞ்சு போச்சு. எதை வெச்சுக்கலாம்?"

சிமென்டைப் பொறுத்தவரை இரக்கம் காட்டாதீர்கள். விரலால் நசுக்கினால் பொடியாகும் கட்டிகளைச் சலித்து, தற்காலிகத் திட்டு, வெளி நடைபாதை போன்ற பலம் தேவையில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். நசுங்காத கட்டி என்றால் தூக்கிப் போடுங்கள். உடைத்துப் பொடியாக்கினாலும் வினை முடிந்துபோன சிமென்ட் அது. மூட்டைகளைத் தரையிலிருந்து அரை அடி உயரப் பலகை மேல், சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள்.

நனைந்த மணல் கெடாது, கணக்கைத்தான் கெடுக்கும். 5 சதவீத அளவுக்கு ஈரம் ஏறிய மணல் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பிக் காட்டும். பெட்டியால் அளந்து போட்டால் மணல் குறைந்துவிடும், அதே சமயம் கலவையில் தண்ணீர் கூடிவிடும். மழை நாளில் ஊற்றும் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

கம்பியில் பழுப்பாகப் படிந்த லேசான துரு தவறில்லை, கான்கிரீட்டோடு ஒட்டுவதைக் கெடுக்காது. செதில் செதிலாக உரிந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கனம் குறைந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

"செங்கல் சுவர்ல வெள்ளை வெள்ளையா பூத்திருக்கு. கழுவினா மறுபடியும் வருது."

செங்கல்லிலும் மணலிலும் உள்ள உப்பு, மழையில் கரைந்து, காயும்போது மேலே வந்து பூக்கிறது. கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய் மறுபடி பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்து, கூட்டி அப்புறப்படுத்துங்கள். பூப்பது நிற்கும்வரை பூச்சு வேலையைத் தள்ளிவையுங்கள்.

மழை வரும் என்று தெரிந்தால் அன்று கட்டிய வரிசைகளின் மேல் தார்ப்பாய் போட்டுக் கல் வையுங்கள். இணைப்புக் கலவை கழுவிப்போவது மேலிருந்துதான். முழுக்க ஊறிய செங்கல் கலவையின் மேல் மிதக்கும், அதனால் மழை நாளில் சுவரை ஒரே நாளில் உயரமாக ஏற்ற வேண்டாம்.

"மழை நின்னு மூணு நாளாச்சு. ஃபேன் பாக்ஸ்லேருந்து இன்னும் சொட்டுது. ரூஃப் லீக்கா?"

அநேகமாக இல்லை. தளத்துக்குள் புதைத்த ஒயர் பைப்பின் மேல் முனை எங்கோ திறந்திருந்து, அதில் மழைத்தண்ணீர் நிறைந்திருக்கும். அது வாரக்கணக்கில் சொட்டும். தளத்தின் அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்திருந்து பாக்ஸில் மட்டும் சொட்டினால் பைப்தான் காரணம். பாக்ஸிலிருந்து விலகி, கான்கிரீட்டிலேயே ஈரத்திட்டு படர்ந்தால்தான் தளத்தைச் சந்தேகிக்க வேண்டும். அப்படியான இடங்களை அன்றே சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுத்து வையுங்கள். காய்ந்த பிறகு எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியாது, ஓதத் தடுப்பு வேலை செய்யும்போது இந்தப் படங்கள்தான் உதவும்.

பைப்பின் திறந்த முனைகளில் மூடியோ, துணி திணித்து டேப்போ போடுங்கள். ஒயர் இழுப்பதற்கு முன் காற்று அடித்து, உலர்ந்த துணியை உள்ளே இழுத்து ஈரம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

"தண்ணி நிக்குற நேரத்துல தற்காலிகக் கரண்ட் இணைப்பை என்ன செய்யறது?"

மெயினை நிறுத்தாமல் தேங்கிய தண்ணீரில் யாரும் கால் வைக்கக் கூடாது. மோட்டார், வைப்ரேட்டர் ஒயர்களில் டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் மாற்றுங்கள். ஒயர் தரையில் கிடக்காமல் உயரத்தில் போக வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தாத இணைப்பில் மழை நாளில் வேலை நடக்கவே கூடாது.

"உள்பூச்சு முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, நடுவுல சுவர் நனைஞ்சுது. பட்டி, பெயிண்ட் எப்போ அடிக்கலாம்?"

நாள் கணக்கைவிட ஈரத்தைச் சோதித்துப் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். 16 மணி நேரம் கழித்துப் பிரிக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தாலோ, சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. தரையை ஒட்டியும், ஜன்னல் அடியிலும், படிக்கட்டுப் பக்கச் சுவரிலும் சோதியுங்கள், கடைசியில் காய்பவை அவைதான். ஜன்னல்களைத் திறந்து காற்று விடுவது போதும். ஹீட்டர் வைத்து அவசரமாகக் காய வைத்தால் பூச்சு வெடிக்கும்.

ஜன்னலடியில் மட்டும் ஈரம் திரும்பத் திரும்ப வந்தால், அடிக்கல் வெளிப்பக்கம் வாட்டமாக இருக்கிறதா, சன்ஷேடின் கீழ் விளிம்பில் தண்ணீர் சொட்டும் பள்ளம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இவை இரண்டும் பூச்சு நிலையிலேயே சரிசெய்ய வேண்டியவை.

"காசு பத்தலை. இந்த மழைக்காலம் முழுக்க வேலையை நிறுத்தி வைக்கிறோம். என்ன பண்ணிட்டுப் போகணும்?"

மேலே சொன்ன திட்டும் வடிகுழாயும் முதல் வேலை. மேல்மாடிக்காக விட்ட தூண் கம்பிகளுக்குக் கெட்டியான சிமென்ட் பாலை இரண்டு தடவை பூசுங்கள். நீண்ட காலம் என்றால் மெலிந்த கான்கிரீட்டால் மூடிவிடலாம், பிறகு எளிதாக உடைத்துக்கொள்ளலாம். கம்பி தளத்தைச் சந்திக்கும் அடிப்பகுதியில் சிறு மேடு கட்டுங்கள், அங்கே தேங்கும் தண்ணீர்தான் கம்பியை அரிக்கும். சுவர்களின் மேல் வரிசைக்கு ஒரு அங்குலக் கலவை மூடாக்குப் போடுங்கள்.

வாரம் ஒரு முறையாவது யாராவது போய்த் தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும்.

"காலி சம்ப் தொட்டி ஒரு பக்கமா மேலே எழும்பிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?"

நிஜம்தான். சம்ப் என்பது மண்ணுக்குள் கட்டும் தண்ணீர்த் தொட்டி. நிலத்தடி நீர்மட்டம் அதன் விளிம்பு வரை ஏறினால், 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத் தொட்டியைச் சுமார் 12 டன் விசை மேலே தள்ளும். மூடி போடாத காலித் தொட்டியின் எடை பல நேரம் அதைவிடக் குறைவு. பக்கவாட்டில் மண்ணை இன்னும் நிரப்பி இறுக்காமல் இருந்தால் பிடிமானமும் இருக்காது.

அதனால் சம்ப்பிலும் செப்டிக் டேங்கிலும் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தால் அவசரப்பட்டு இறைக்காதீர்கள். அந்தத் தண்ணீர்தான் தொட்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே நீர்மட்டம் இறங்கிய பிறகு இறைக்கலாம். இறைத்துச் சுத்தம் செய்ய ஆள் இறங்கும் முன், நெடுநாள் மூடிக்கிடந்த தொட்டி என்றால், நன்றாகக் காற்று விட வேண்டும். தனியாக யாரையும் இறக்காதீர்கள்.

"மழையில பாழானதுக்கு காண்ட்ராக்டர் பொறுப்பா, நாங்க பொறுப்பா?"

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் பேசும். வேலை தொடங்கும் முன்பே மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: சாமான்களைப் பாதுகாப்பது யார், தண்ணீர் இறைக்கும் செலவு யாருடையது, மழையால் தாமதமாகும் நாட்களை எப்படிக் கணக்கிடுவது. எழுதாமல் விட்டிருந்தால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தேதி தெரியும்படி படம் எடுத்து, சேதத்தைக் குறித்து, அன்றே அவருக்கு அனுப்பி வையுங்கள். பெய்த அன்றே பேசினால் பெரும்பாலானவர்கள் நியாயமாக நடந்துகொள்கிறார்கள். இறுதித் தவணையின்போது முதல்முறையாக எடுத்துச் சொன்னால் எதையும் நிரூபிக்க முடியாது.